கட்டிப்பால் தராசில் ஏறிய பிள்ளைகள்

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் முனியாண்டியை ஏமாற்றியவன் எவனும் கிடையாது என்று முனியாண்டியே சொல்லிக்கொள்வான். அதில் பாதிக்குமேல் உண்மைதான். புக்கிட் பெலண்டோக் போகிற சாலையோரம் இருக்கிற சைபுதீன் பாயின் கொட்டகையில் கட்டிப்பால் எடை போடுவது அவன் வேலை. அக்கம்பக்கத்தில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர்கள் கோப்பையிலேயே உறைந்துபோன பாலைச் சாக்கில் போட்டு மோட்டோ சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள். அது நாறும். எந்த அளவுக்கு என்றால், சிரம்பானிலிருந்து வருகிற விருந்தாளி காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைச் சந்தேகமாகப் பார்ப்பான்.

அந்த நாற்றம் பிடித்த சாமானிலும் எடையைக் கூட்ட மனிதன் படுகிற பாடு சொல்லி மாளாது. ஒருவன் இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொண்டுவருவான். ஒருவன் மணலைக் கலப்பான், ஒருவன் மரப்பட்டையைத் திணிப்பான். முனியாண்டி அவசரப்பட மாட்டான். கட்டைவிரலால் ஓர் அமுக்கு, கையால் ஒரு தட்டு, மூக்கருகில் ஒரு மோப்பம். அவ்வளவுதான், குட்டு உடைந்துவிடும். ஒருமுறை அவனுடைய சொந்த மாமனாரே ஒரு மோட்டோ செயினை உள்ளே வைத்து உறையவிட்டுக் கொண்டுவந்தார். "மாமா, செயினக் கழட்டி மாட்டிக்கிட்டுப் போங்க, வீட்டுக்குத் தள்ளிக்கிட்டா போவீங்க" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். மாமனார் அந்தத் தீபாவளிக்கு வரவில்லை.

தராசில் விழுந்ததை விழுந்தபடி உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்பது அவன் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் நல்ல கொள்கை உள்ளவனுக்கு வாயும் நீளமாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வருடத் தொடக்கத்தில் நடந்த பெற்றோர் கூட்டமே சாட்சி.

தலைமையாசிரியர் மகேந்திரன் கூட்டத்தில் ஒரு நல்ல செய்தி சொன்னார். அரசாங்கம் கொடுக்கிற இலவசக் காலைச் சாப்பாடு இந்த வருடம் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு, பெற்றோர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். கேண்டீன் நடத்துகிற புனிதா எழுந்து என்ன சமைக்கப் போகிறாள் என்று விவரமாகச் சொன்னாள். ஒரு நாள் சோறும் மீன் குழம்பும் கீரையும். ஒரு நாள் காய் போட்டுப் பிரட்டிய அரிசிச் சேமியா மீ ஹூன், கூடவே அவித்த முட்டை. ஒரு நாள் பச்சைப்பயற்றுக் கஞ்சி. தினமும் பப்பாளியோ கொய்யாவோ ஒரு துண்டு, சில நாள் பால். வெறும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தின்றுவிட்டு வருகிற பிள்ளைகள் பத்து மணிக்கெல்லாம் மேசையில் கவிழ்ந்துவிடுகிறார்கள் என்றும், முட்டையும் பயறும் மீனும் போனால்தான் உடம்பு வளரும், கீரை போனால்தான் ரத்தம் ஊறும் என்றும் அவள் சொல்லச் சொல்லத் தாய்மார்கள் தலையாட்டினார்கள்.

அத்தோடு கூட்டத்தை முடித்திருக்கலாம். தலைமையாசிரியர் விடாமல், "வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். முனியாண்டிக்கு அது சுருக்கென்று தைத்தது. அதற்கு முந்தின மாதம்தான் அவன் மூன்று பேர் ஓட்டிக் கழித்த புரோட்டோன் கார் ஒன்றை வாங்கியிருந்தான். கார் வாங்கிய சூடு ஆறுவதற்குள் தன்னை வசதி குறைந்தவன் என்றால் எவனுக்குத்தான் பொறுக்கும். எழுந்தான்.

தன் வீட்டில் உலை கொதிக்கிறது, தன் பெண்சாதி பஞ்சாலைக்குச் சமைக்கத் தெரியும், தன் மகள் ரதி இரண்டாம் ஆண்டில் படிக்கிறாளே தவிர சோற்றுக்குப் பள்ளிக்கு வரவில்லை என்றெல்லாம் சொன்னான். நெத்திலிச் சம்பலும் வெள்ளைச் சோறும் தின்றுதான் தான் இப்படி இருக்கிறேன் என்று தோளைத் தட்டிக் காட்டினான். புனிதா பொறுமையாகக் கேட்டுவிட்டு, சோறும் சம்பலும் வயிற்றை நிரப்பும், பிள்ளை உடம்புக்கு அது மட்டும் போதாது என்றாள். அங்கேதான் வாய் நீண்டது.

"போதுமா போதாதான்னு நீயும் நானும் எதுக்குப் பேசணும், தராசு சொல்லட்டும். வருஷ நடுவுல மறுபடி எடை போடுவாங்கல்ல. அன்னைக்கு ஒன் கேண்டீன் சாப்பாடு தின்ன பிள்ளைங்களையும் என் பிள்ளையையும் நிறுத்திப் பாப்போம். யாரு கூட ஏறியிருக்காங்கன்னு தெரிஞ்சிரும். என் பிள்ளை கொறஞ்சிருந்தா, கையெழுத்தும் போட்டுட்டு ஒரு வாரம் ஒன் கேண்டீன்ல பிள்ளைங்க சாப்பிட்ட மங்கு கழுவுறேன்."

புனிதா சிரிக்கவில்லை. "சரிங்கண்ணே. சோப்பு நான் வாங்கி வச்சிர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

விஷயம் அதோடு நின்றிருந்தால் வேடிக்கைதான். டீக்கடையில் முனியாண்டியோடு உட்காருகிற நாலைந்து தகப்பன்மாருக்கும் ரோஷம் தொற்றிக்கொண்டது. கையெழுத்துப் போட்டவர்கள்தான், ஆனால் போட்ட கை உறுத்தியது. முனியாண்டி ஜெயித்துவிட்டால் தாங்களும் தங்கள் பிள்ளைகளின் பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். இது அன்று மாலைக்குள் தாய்மார் காதுக்குப் போய்விட்டது. காலையில் அரக்கப்பரக்கக் கிளம்பி மேன்பவர் வேனில் தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள் அவர்கள். பிள்ளை பத்து மணிக்குச் சுடச்சுடச் சாப்பிடுகிறது என்ற நிம்மதியை இந்த முனியாண்டியின் வாய்க்குப் பலி கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. அன்றிலிருந்து தோட்டத்துப் பெண்கள் மொத்தமும் புனிதா கட்சி.

பஞ்சாலை எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. அவள் தினமும் விடிவதற்கு முன் எழுந்து ரதிக்கு டிபன் கட்டினாள்.

முதல் இரண்டு மாதம் ரதியின் டிபன் பெட்டி கைக்கடக்கமாக இருந்தது. பிறகு இரண்டு அடுக்குப் பெட்டி வந்தது. முனியாண்டி ஒரு நாள் அதிலிருந்து சம்பலை வழித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு காரமா என்று கேட்டான். "கேக்குதுங்க, குடுக்கிறேன்" என்றாள் பஞ்சாலை. மாலையில் பெட்டி கழுவினதுபோல் காலியாகத் திரும்பி வந்தது. ரதியின் கன்னத்தில் சதை வைத்தது. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு சளி, மாதத்துக்கு ஒரு காய்ச்சல் என்று கிடந்தவள் மழையில் நனைந்தும் தும்மவில்லை. முனியாண்டி மகளை மோட்டோவின் முன்னால் உட்கார வைத்து டீக்கடைக்குக் கூட்டிப்போய், பொருட்காட்சியில் வைப்பதுபோல் வைத்துக் காட்டினான். எல்லாம் வீட்டுச் சோறு என்றான்.

வருட நடுவில் எடை போடுகிற வாரம் வந்தபோது பள்ளியின் தராசு மண்டையைப் போட்டுவிட்டது. விளையாட்டுச் சாமான் அறையில் கிடந்த அதற்குள் பல்லி முட்டையிட்டு, முள் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. முதலாம் ஆண்டுப் பையனும் தலைமையாசிரியரும் அதில் ஒரே எடை. சைபுதீன் பாயின் தராசை இரவல் வாங்கலாம் என்று தலைமையாசிரியர் நேரில் வந்தார். அவர் குடும்பம் சுங்கைப்பட்டாணியில் இருக்கிறது, அவர் இங்கே தனிக்கட்டை. இங்கே மாற்றலாகி வந்தபோது காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. இப்போது சட்டைப் பொத்தான் தொப்புளருகே பிதுங்கிக்கொண்டு நின்றதை முனியாண்டி பார்த்தான். மனிதருக்கு இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டான்.

தராசு போனால் தராசுக்காரனும் போக வேண்டும். போட்டியில் நிற்பவனே எடை போடலாமா என்று தலைமையாசிரியர் புனிதாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாராம். எடையில் முனியாண்டி பொய் சொல்ல மாட்டான், வேறு யாரைப் போட்டாலும்தான் தனக்குப் பயம் என்று புனிதா சொன்னாளாம். இதைக் கேள்விப்பட்ட முனியாண்டிக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

தராசை லோரியில் ஏற்றுவதற்கு முன் மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். நாற்றம் போகவில்லை. சபை கூடுகிற கொட்டகையில் அதை இறக்கி வைத்ததும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சனிக்கிழமை என்பதால் பெற்றோரும் திரண்டு வந்திருந்தார்கள். தகப்பன்மார் ஒரு பக்கம், தாய்மார் ஒரு பக்கம். முனியாண்டி பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்துத் தராசு சரியாகக் காட்டுகிறது என்று எல்லாருக்கும் தெரியப்படுத்தினான். வருடத் தொடக்கத்தில் யார் யார் எவ்வளவு இருந்தார்கள் என்பதைத் தலைமையாசிரியர் படிக்க வேண்டியது, இப்போது எவ்வளவு என்பதை முனியாண்டி சொல்ல வேண்டியது என்று ஏற்பாடு.

முதலில் மூன்றாம் ஆண்டு வசந்தன் ஏறினான். குச்சிப் பையன். முள் பாய்ந்து போய் நின்ற இடத்தைப் பார்த்து தாய்மார் பக்கம் ஒரே கைதட்டல். முனியாண்டி கைதட்டவில்லை. அவன் முள்ளைப் பார்க்கவில்லை, பையனின் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது இடுப்பில் நிற்க முடியாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

கை விட்டான். ஒரு பாக்கெட்டில் ஆற்றுக்கல். இன்னொரு பாக்கெட்டில் வீட்டுக் கதவின் பூட்டு, சாவியோடு. வசந்தனின் அம்மா அந்த நேரம் பார்த்துக் கொட்டகையின் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் சங்கதி தெரிந்தது. பிள்ளைகளின் எடை என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னால் அது வேறு. கட்டிப்பால் தராசு வருகிறது என்றதும் தோட்டத்துக்குக் கை ஊறிவிட்டது. அந்தத் தராசில் எதை ஏற்றினாலும் கொஞ்சம் சேர்த்து ஏற்றுவதுதான் அவர்களுக்குப் பழக்கம். போதாக்குறைக்கு புனிதாவைத் தோற்கவிடக் கூடாது என்ற வைராக்கியம் வேறு.

ஷங்கர் என்ற பையன் நிறைமாதக்காரிபோல் மெல்ல நடந்து வந்தான். முனியாண்டி அவன் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். உள்ளே தண்ணீர் தளும்பியது. "இது ராத்திரி பூரா ஊறப்போட்ட சரக்கு. போய் ஒண்ணுக்குப் போய்ட்டு வா, அப்புறம் நிறுக்கிறேன்" என்று அனுப்பினான். அடுத்து வந்த அக்காளும் தங்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பாவாடை கட்டியிருந்தார்கள். உள்ளே முழங்கால் வரைக்கும் கொலுசு. அம்மாவுடையது, சித்தியுடையது, பக்கத்து வீட்டாருடையது என்று தோட்டத்து வெள்ளியெல்லாம் அந்த நாலு காலில் இருந்தது. இன்னொருவனின் காலுறையைக் கவிழ்த்தபோது கொட்டிய மணலில் ஒரு துளசிச்செடி நடலாம்.

முனியாண்டிக்கு உற்சாகம் தாங்கவில்லை. கல்லைத் தனியாக ஒரு குவியல், பூட்டையும் கொலுசையும் தனியாக ஒரு குவியல் என்று ஒதுக்கினான். தகப்பன்மார் பக்கம் சிரிப்பும் சீழ்க்கையும். "பொம்பளைங்க எல்லாம் சைபுதீன் பாய்கிட்ட வேலைக்குச் சேந்துரலாம்லா" என்று ஒருவன் சொன்னான். தாய்மார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். புனிதா மட்டும் கேண்டீன் வாசலில் நின்றபடி, இதையெல்லாம் யாரும் அவளிடம் கேட்டுச் செய்யவில்லை என்பது தெரிகிறமாதிரி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ஆனால் கல்லையும் மண்ணையும் தண்ணீரையும் கழித்துவிட்டு மறுபடி நிறுத்தபோது முனியாண்டியின் சிரிப்புக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கல் இல்லாமலே வசந்தன் இரண்டு கிலோவுக்குக் கிட்ட ஏறியிருந்தான். ஷங்கரும் அப்படியே. கொலுசைக் கழற்றிய பிறகும் அந்த அக்காளும் தங்கையும் நன்றாகத் தேறியிருந்தார்கள். வரிசை முழுக்க அதே கதை. ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லாதவர்கள் அனாவசியமாக ஏமாற்றியிருக்கிறார்கள். முனியாண்டி ஒவ்வோர் எடையையும் உரக்கத்தான் சொன்னான், ஆனால் கழுத்தில் வியர்த்தது. புனிதாவின் சமையல் வேலை செய்திருக்கிறது என்பது கட்டைவிரல் வைத்து அமுக்கிப் பார்த்தவனுக்குத் தெரியாமல் போகுமா.

கடைசியாக நின்றது ரதி. இதில் தோற்றால் மங்கு கழுவ வேண்டும் என்பதைவிட, டீக்கடையில் இனி எப்படி உட்காருவது என்பதுதான் அவனை அரித்தது. மகளைத் தூக்கித் தராசில் வைத்தான். தூக்கும்போதே கனம் தெரிந்தது. முள் வசந்தனைத் தாண்டி, ஷங்கரைத் தாண்டிப் போகவேண்டியதில்லை, அவர்கள் பெரிய பையன்கள். ஆனால் தலைமையாசிரியர் ரதியின் பழைய எடையைப் படித்ததும் கணக்குத் தெரிந்துவிட்டது. மூன்று கிலோவுக்கு மேல். அந்தப் பள்ளியில் அவ்வளவு ஏறிய பிள்ளை வேறு கிடையாது. படித்து முடித்த தலைமையாசிரியர் ஏனோ குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

தகப்பன்மார் பக்கம் விசில் பறந்தது. ஒருவன் துண்டைச் சுற்றினான். அப்போதே தன் பையன் பெயரை எடுத்துவிடும்படி ஒருவன் தலைமையாசிரியரை நோக்கிக் கையைக் காட்டினான். புனிதா கேண்டீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முனியாண்டி ஜெயித்துவிட்டான். குதித்திருக்க வேண்டியவன் குதிக்கவில்லை. இத்தனை வருடத் தொழில் அவனை விடவில்லை. வெறும் சோற்றிலும் சம்பலிலும் சரக்கு இவ்வளவு ஏறாது என்று அவன் கை சொன்னது. தனக்காக இந்தப் பஞ்சாலையும் கல்லைக் கட்டி அனுப்பிவிட்டாளா என்று சந்தேகம் தட்டியது. மாமனாரின் மகள்தானே.

மகளின் காலணியைக் கழற்றி உதறினான். பாக்கெட்டைக் கவிழ்த்தான். ஒரு பென்சில் துண்டு விழுந்தது. பின்னலைத் தூக்கிப் பார்த்தான். பாவாடை விளிம்பை விரலால் நெருடிக்கொண்டே வந்தான். கடைசியில் பழக்கதோஷத்தில் கன்னத்தைக் கட்டைவிரலால் அமுக்கினான். அமுங்கியது, மேலே வந்தது. சுத்தமான சரக்கு.

"அண்ணே, மத்தவன் பிள்ளையத்தான் சோதிச்சீங்க, ஒங்க பிள்ளையையுமா" என்று வசந்தனின் அம்மா கேட்டாள்.

அவன் குனிந்து மகளின் காதருகே கேட்டான். "ரதி, உண்மையைச் சொல்லு. எத எங்க வச்சிருக்க?"

"வயித்துலதான்பா இருக்கு."

"என்ன இருக்கு?"

"கேண்டீன் சாப்பாடு."

அவன் தராசின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ரதி தயங்கித் தயங்கி, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். பள்ளியில் எல்லாரும் நீள மேசையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். யார் முட்டை ஓட்டை ஒரே துண்டாக உரிப்பது என்று போட்டியெல்லாம் நடக்குமாம். அவள் மட்டும் தன் டிபனோடு கடைசி மேசையில் உட்கார்ந்திருப்பாளாம். பிள்ளைகள் சாப்பிடுமுன் ஓர் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம், அதற்காகப் பெரிய சாருக்குத் தினமும் ஒரு மங்கு வருமாம். முதல் வாரமே அவர் ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு அந்த மங்கைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாராம். அவள் அவர் மங்கிலிருந்த முட்டையைப் பார்த்தாளாம், அவர் அவள் டிபனிலிருந்த நெத்திலிச் சம்பலைப் பார்த்தாராம். இருவரும் மாற்றிக்கொண்டார்களாம். மறுநாள் அவள் மங்கோடு நீள மேசைக்குப் போய்விட்டாளாம். அதிலிருந்து தினமும் அப்படித்தானாம்.

முனியாண்டி நிமிர்ந்து பார்த்தான். தலைமையாசிரியர் தொப்புளருகே கழன்றிருந்த பொத்தானை அவசரமாக மாட்டிக்கொண்டிருந்தார். இந்த ஊர்த் தண்ணீர் என்று நினைத்தது என்ன தண்ணீர் என்று இப்போது விளங்கியது. தாய்மார் பக்கம் திரும்பினான். பஞ்சாலை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு அடுக்குப் பெட்டியும் தூக்கலான காரமும் யாருக்கு என்பதும் விளங்கிவிட்டது. தோட்டத்தில் தன்னை ஏமாற்றியவன் எவனும் இல்லை என்பது அப்போதும் சரிதான். ஏமாற்றியது ஒருத்தியும் ஒரு சின்னப் பெண்ணும்.

கோபம் வந்தது. இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆறு மாதமாக டீக்கடையில் வைத்துக் காட்டியது அடுத்தவள் சமையலை என்று தெரிந்தால் எவனுக்கும் வரும். எல்லாரையும் அங்கேயே நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"தனியா உக்காந்து சாப்பிடப் பிடிக்கலப்பா" என்றாள் ரதி. "மறுபடி அந்தக் கடைசி மேசைக்குப் போகச் சொல்லுவீங்களா?"

அவன் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தான். யாருக்கும் இது கேட்கவில்லை என்பதை அவன் கவனித்தான். இப்போது எடையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டால் ஜெயம் அவனுக்குத்தான். பஞ்சாலை பேச மாட்டாள், தலைமையாசிரியருக்குப் பேச முகம் கிடையாது, புனிதாவுக்குத் தெரிந்திருந்தாலும் அவள் சொன்னால் தோற்றவள் புலம்புகிறாள் என்பார்கள். டீக்கடையில் நிரந்தர நாற்காலி. பதிலுக்கு நாலைந்து பிள்ளைகள் நாளையிலிருந்து கடைசி மேசையில் உட்காரும், அவன் மகளும் சேர்த்து. அவன் ஒதுக்கி வைத்திருந்த கல் குவியலைப் பார்த்தான். காலையிலிருந்து அத்தனை தாய்மாரையும் சந்தி சிரிக்க வைத்தவன் அவன்தான்.

முள் காட்டிய எடையை உரக்கச் சொன்னான். விசில் மறுபடி கிளம்பியது. கையை உயர்த்தி நிறுத்தினான்.

"எடை சரிதான். ஆனா சரக்கு என் வீட்டுது இல்ல. இவ ஆறு மாசமா கேண்டீன்லதான் சாப்பிட்டிருக்கா. எனக்குத் தெரியாது, இப்பத்தான் தெரியும். நான் தோத்துட்டேன்."

சுற்றிக்கொண்டிருந்த துண்டு நின்றது. கையைக் காட்டிய தகப்பன் அந்தக் கையை மெதுவாகத் தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டான். தலைமையாசிரியர் முன்னால் வந்து, தப்பு தன்னுடையது, பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை என்று ஆரம்பித்தார். சம்பலைப் பற்றி அவர் பேச்சு எடுக்கவில்லை. அதை எடுத்தவர் பள்ளிக் காவல்காரர் சன்னாசி. அப்படியென்றால் டிபன் பெட்டி தினமும் எப்படிக் காலியானது என்று அவர் அப்பாவியாகக் கேட்டார்.

அதற்குப் பிறகு தலைமையாசிரியரால் தப்பிக்க முடியவில்லை. தினமும் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தராசில் ஏற்றிவிட்டார்கள். முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத் தாய்மார் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வருடத் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தீர்கள் சார் என்று முனியாண்டி கேட்டான். அவர் மென்று விழுங்கிச் சொன்னார். முனியாண்டி கழித்துப் பார்த்தான். அவருடைய வயிற்றைத் தொட்டுவிடாமல் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"இதுதான் என் வீட்டு எடை" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

கொட்டகை அதிர்ந்தது. சிரிப்பு அடங்க வெகுநேரமானது. கடைசியில் புனிதா வந்து, வெறும் சோறும் சம்பலும் எங்கே போய் உட்காரும் என்று அன்றைக்கே தான் சொன்னதாகத் தலைமையாசிரியரின் பொத்தானைக் காட்டிச் சொன்னாள். பிறகு முனியாண்டியைப் பார்த்து, "சோப்பு வாங்கியாச்சுண்ணே" என்றாள்.

திங்கட்கிழமை காலை, சைபுதீன் பாயிடம் ஒரு மணி நேரம் விடுப்புச் சொல்லிவிட்டு முனியாண்டி கேண்டீனுக்குப் போனான். கையெழுத்தை முதலில் போட்டான். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் நின்றான். அன்று சோறும் மீன் குழம்பும் கீரையும். தலைமையாசிரியர் தன் மங்கைத் தானே காலி செய்தார், அதிலும் கீரையை முதலில். டீக்கடைத் தகப்பன்மாரின் பிள்ளைகளும் மேசையில் இருந்தார்கள். ரதி நடுவில் உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். அப்பன் நிற்பதை அவள் கவனிக்கவே இல்லை. வீட்டில் அவளுக்கு ஒரு வாய் கீரை ஊட்ட பஞ்சாலை பேயோட்டுவதுபோல் போராடுவாள், அவன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

மணி அடித்ததும் பிள்ளைகள் மங்குகளைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டு ஓடினார்கள். ஒன்றில் மீன் முள், ஒன்றில் பப்பாளித் தோல், ஒன்றில் கொஞ்சம் சோறு. ரதி கடைசியாக வந்தாள். அவனைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தாள், மங்கை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

முனியாண்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கீரைத் தண்டு, ஒரு பருக்கை, எதுவும் இல்லை. வழித்து நக்கியிருந்தாள். அதில் கழுவுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. இருந்தாலும் சோப்பைப் போட்டு, மற்ற எந்த மங்கையும்விட அதிக நேரம் அதைக் கழுவிக்கொண்டிருந்தான்.